மின்சூளை வாங்குவது குறித்து: ஒற்றை பேஸா, மூன்று பேஸா?

மண்விரல் எழுதியது:

வணக்கம். புதுச்சேரியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். ஸ்டோன்வேர் (உயர்வெப்பத்தில் சுடும் கெட்டியான மண்பாண்டம்) வனையக் கற்றுக்கொண்டு, இதுவரை பயிற்சிக்கூடத்துச் சூளையிலேயே சுட்டுவந்த நான், இப்போது சொந்தமாக ஒரு சிறிய மின்சூளை வாங்க எண்ணுகிறேன். இரண்டு விலைப்பட்டியல்கள் கையில் உள்ளன. ஒன்று 6 கிலோவாட், ஒற்றை பேஸ், உச்ச வெப்பம் 1250 டிகிரி செல்சியஸ். மற்றது 9 கிலோவாட், மூன்று பேஸ், உச்ச வெப்பம் 1300 டிகிரி. உள்ளளவில் பெரிய வேறுபாடு இல்லை. நான் கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சைச் சுடுவது ஆறாம் கோனில் (கோன் என்பது குறித்த வெப்பத்தில் வளையும் சிறு மண்கூம்பு), அதாவது 1220 டிகிரியை ஒட்டித்தான் என்பதால், விலை குறைந்த முதல் சூளையே போதுமென்று தோன்றுகிறது. கார் நிறுத்தும் இடத்தில், சமையலறைச் சுவரை ஒட்டி வைக்கலாம். மாலையில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் 200 வோல்ட் வரை இறங்கிவிடுகிறது. எதைக் கவனித்து வாங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்கல்மேடு எழுதியது:

நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த 200 வோல்ட்தான் இங்கே முடிவு செய்ய வேண்டிய விஷயம். சூளைச் சுருள் தரும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; 230 வோல்ட்டில் 6 கிலோவாட் தரும் சூளை, 200 வோல்ட்டில் நாலரை கிலோவாட்தான் தரும். 1250 டிகிரி என்று பட்டியலில் போட்டிருப்பது புதுச் சுருளும் முழு மின்னழுத்தமும் சேர்ந்து இருக்கும்போது எட்டும் அளவு. சுருள் பழகப் பழக அதன் மின்தடை கூடி, வெப்பம் மேலும் குறையும். அந்நிலையில் சூளை 1180, 1190 என்று நின்றுகொண்டு மணிக்கணக்கில் மின்சாரத்தைத் தின்னுமே தவிர, 1220-ஐத் தொடாது. 9 கிலோவாட் சூளையோ அதே 200 வோல்ட் நிலையிலும் ஏழு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தரும். சுடும் வெப்பத்துக்கு மேல் குறைந்தது எழுபது, எண்பது டிகிரியாவது கையிருப்பு உள்ள சூளையையே வாங்குங்கள்.

மின்னோட்டத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். 6 கிலோவாட் ஒற்றை பேஸில் 26 ஆம்பியர் இழுக்கும். 9 கிலோவாட் மூன்று பேஸாகப் பிரியும்போது ஒரு பேஸுக்கு 13 ஆம்பியர்தான். ஆனால் உங்கள் வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு உள்ளதா, அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்பதை வீட்டு உரிமையாளரிடம் கேட்டு, தேவையானால் அவர் வழியாக விண்ணப்பித்து உயர்த்திக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள். எந்தச் சூளையானாலும் மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி. (மின்சுமை மீறினால் தானாக விழும் சுவிட்ச்), கைக்கெட்டும் தூரத்தில் மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் சுவிட்ச் ஆகியவை கட்டாயம். ஏ.சி.க்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் ஒயரிலோ சூளையை மாட்டவே கூடாது. சுடும் வேலை மணிக்கணக்கில் நீளும் என்பதால், இணைப்பு முனையில் ஒரு திருகு தளர்ந்திருந்தால்கூடப் போதும், அங்கே ஒயரின் உறை பழுப்பேறி, பிறகு கருகத் தொடங்கும். சில சுடல்களுக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்த முனைகளின் நிறத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

கடற்கரைத்தெரு எழுதியது:

சமையலறைச் சுவரை ஒட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. சூளைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம், அதாவது 45 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். அதைவிட முக்கியம் சமையலறை சன்னல். பிஸ்க் எனும், கிளேஸ் பூசுமுன் செய்யும் முதல் சுடலின்போது மண்ணிலுள்ள கரிமப் பொருள்கள் எரிவதால் கார்பன் மோனாக்சைடும், சில மண் வகைகளிலிருந்து கந்தக டை ஆக்சைடும் வெளிவரும். முதலாவதற்கு மணம் கிடையாது என்பதால், நாற்றம் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. சன்னலுக்கு எதிர்ப்புறமாகச் சூளையை நகர்த்துங்கள். மேலே பிளாஸ்டிக் கூரைத்தகடு இருந்தால் அந்த இடமே வேண்டாம். எரிவாயு சிலிண்டரும் பெட்ரோல் வண்டியும் அருகில் நிற்கக் கூடாது.

உட்சுவர் வெப்பக்காப்புச் செங்கல்லா, பஞ்சு போன்ற செராமிக் ஃபைபரா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். ஃபைபர் இலேசானது, விரைவில் சூடேறும். ஆனால் அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதி, பலமுறை சூடேறிப் பொடிந்த பிறகு இன்னும் கெடுதி. வீட்டில் குழந்தைகள் இருந்தால் செங்கல் சூளையே என் தேர்வு.

செங்கல்மேடு எழுதியது:

ஃபைபரைப் பற்றி அவர் சொல்வதை ஏற்கிறேன். சூளையின் வெப்பத்தைத் தானாக நடத்தும் கன்ட்ரோலர் குறித்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதிலுள்ள ரிலேயின் (சுருளுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) முனைகள் ஒட்டிக்கொண்டால், திரையில் "முடிந்தது" என்று காட்டினாலும் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தட்டுகளும் பாண்டங்களும் உருகி ஒன்றாகிவிடும். ஆகவே தனியே இயங்கும் உச்சவெப்பத் துண்டிப்பும், கதவைத் திறந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சும் உள்ளனவா என்று பாருங்கள். அவை இருந்தாலும் கடைசி ஒரு மணி நேரம் சூளையை விட்டு நகராதீர்கள். வெப்பத்தை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் உயர்வெப்பத்தில் நாளடைவில் தவறான அளவு காட்டும் என்பதால், பார்வைத் துளைக்கு நேராக ஒரு கோனை நிறுத்தி, அது வளைவதைக் கண்ணால் உறுதி செய்யுங்கள். வெறுங்கண்ணால் பார்க்காமல், வெப்பக்கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிய வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு கன்ட்ரோலர் விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து தொடங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் சூளை வாங்கக் கூடாது.

தாழிமண் எழுதியது:

இதே இழையில் ஒரு கேள்வி. மழைக்காலத்தில் சூளையைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. எர்த் ஒயரைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

செங்கல்மேடு எழுதியது:

கூடவே கூடாது, ஐயா. ஈரம் குடித்த செங்கல் வழியாக மின்சாரம் கசிந்து சூளையின் இரும்பு வெளிக்கூட்டுக்கு வருவதைத்தான் அந்தச் சுவிட்ச் உங்களுக்குச் சொல்கிறது. எர்த்தைக் கழற்றினால் கசிவு அப்படியே இருக்கும். அடுத்து அது பாயும் வழி கூட்டைத் தொடுபவரின் உடம்பாகத்தான் இருக்கும். ஐசொலேட்டரை அணைத்து, கதவைத் திறந்துவைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிடுங்கள். அதன்பின்னும் விழுந்தால், சுருளுக்கும் கூட்டுக்கும் இடையே மெகர் எனும் மின்காப்பு அளவி வைத்து அளந்து பார்க்கத் தெரிந்த வேறொரு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.