திருப்பூர் மக்களவைத் தொகுதி: பனியன் ஓட்டா, வாய்க்கால் ஓட்டா?

பவர்டேபிள்:
திருப்பூரில் 2009-ல் அதிமுகவின் சி. சிவசாமி, 2014-ல் அதே கட்சியின் வி. சத்யபாமா, 2019, 2024 இரண்டிலும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயன். இந்தத் திருப்பம் பனியன் தொழில் பட்ட அடியால் வந்தது. சனிக்கிழமை ஆனால் சம்பளம் ரொக்கமாகக் கைமாறும் ஊரில் 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்றார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. ஒரு டி-ஷர்ட் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் என்று ஆறேழு இடம் மாறித்தான் பெட்டிக்குள் போகும். துணி போக டெலிவரி சலான், திரும்பி வர ஜாப் ஒர்க் பில் என்று ஒவ்வொரு இடத்துக்கும் காகிதம் சேர்ந்தது. ஏற்றுமதியாளருக்கு ஜிஎஸ்டி ரீஃபண்ட் தாமதமானால் சாயப்பட்டறைக்குப் பணம் நிற்கும், அப்புறம் தையலுக்கு நிற்கும். கடைசியில் மாட்டுவது பத்து மெஷின் போட்டு ஓட்டுபவர். 2019-ல் 93,368 வாக்கு வித்தியாசம் அந்தக் கோபம்தான்.

கொடிவேரி:
அண்ணா, தொழில் பட்ட பாட்டை நான் மறுக்கலைங்க. ஆனா ஓட்டுக் கணக்கு அதைச் சொல்லலை. 2019-ல் தமிழ்நாட்டில் தேனி தவிர எல்லா இடத்திலும் திமுக கூட்டணிதான் ஜெயிச்சுது. பனியன் வாடையே இல்லாத தருமபுரியிலும் அதே முடிவு. 2024-ல் சுப்பராயன் 4,72,739, அதிமுக 3,46,811, பாஜக 1,85,322. பின்னால இருக்கற ரெண்டையும் கூட்டினா 5,32,133. எதிரணி ரெண்டா உடைஞ்சதுதான் அந்த 1,25,928 வித்தியாசம். 2009-ஐயும் பாருங்க: இந்திய கம்யூனிஸ்ட் அப்போ அதிமுக அணியில இருந்துது. சிவசாமி 85,346-ல ஜெயிச்சாரு, தனியா நின்ன கொங்குநாடு முன்னேற்றக் கழகம் அந்த வித்தியாசத்தை விட அதிகமா வாங்குச்சு. 2014-ல இடதுசாரிகள் தனியா நின்னாங்க, தேமுதிக ரெண்டாமிடம், திமுக மூணாமிடம். யாரோட யார் சேர்ந்தாங்கங்கறதுதான் இந்தத் தொகுதியோட வரலாறு.

அதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்குங்க. பேர் திருப்பூர், ஆனா ஆறு சட்டமன்றத் தொகுதியில நாலு (பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி) ஈரோடு பக்கத்துது. திருப்பூர் வடக்கும் தெற்கும் மட்டுந்தான் பனியன் நகரம். பழைய கோபி மக்களவைத் தொகுதியைக் கலைச்சுட்டு இதை உண்டாக்குனாங்க. அவிநாசி நீலகிரிக்குப் போச்சு, பல்லடம் கோயமுத்தூருக்குப் போச்சு. அருள்புரம் சாயக்கழிவுப் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு பிரச்சினைன்னா கேட்க வேண்டியது கோவை எம்.பி.!

பவர்டேபிள்:
அப்படியானால் 2011-ஐ என்ன சொல்வீர்கள்? ஜனவரி கடைசியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடின. மே மாதம் திருப்பூர் வடக்கில் அதிமுக, தெற்கில் அதன் கூட்டணியான மார்க்சிஸ்ட். நகரம் அப்படியே மாறி விழுந்தது.

நொய்யல்கரை:
அந்த உத்தரவைப் பற்றிப் பேசும்போது எதற்காக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு கொட்டியாக வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு முழுதும் தண்ணீரிலேயே நிற்கும். நுண்ணுயிர்த் தொட்டியில் நிறமும் கழிவும் குறையுமே தவிர உப்பு குறையாது. அதனால்தான் உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வடிகட்டி, அதில் கழியும் உப்புத் தண்ணீரை ஆவியாக்க எவாப்பரேட்டர். சிக்கல் அங்கேதான்: குழாயில் உப்புப் படிவு ஏறினால் ஆவியாகும் அளவு குறையும், விறகும் நிலக்கரியும் கூடுதலாக எரியும், செலவு ஏறும். மறுபடி பயன்படாத கலப்பு உப்பு மூட்டையாகக் குவியும். மழை நாளில் சிலர் கழிவை நொய்யல் ஆற்றில் திறந்துவிடும் ஆசை அந்தச் செலவிலிருந்துதான் வருகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிணறு உப்பான விவசாயிக்கும் ஓட்டு உண்டு. மூடியதை அவர் வரவேற்றார். ஒரே உத்தரவு, இரண்டு விதமான ஓட்டு. அதோடு 2011-ல் அலை மாநிலம் முழுக்க அடித்தது, மின்வெட்டு உட்பட.

கொடிவேரி:
அதேதாங்க. வடக்கே வந்தா பேச்சே வேற. கீழ்பவானி வாய்க்கால் 124 மைல், 2.07 லட்சம் ஏக்கர் பாசனம், பாதி பாதியா மாத்தித் தண்ணி விடறாங்க. கான்கிரீட் போடறதுன்னு வந்தப்ப கடைமடைக்காரர் போடணும்னாரு, கசிவுத் தண்ணியில கிணறு ஊறற தோட்டக்காரர் கூடாதுன்னாரு. ஒரே ஊர்லயே ரெண்டு பக்கம். பவானி ஜமக்காளத்துக்கு புவிசார் குறியீடு இருக்கு, குழித்தறியில உட்கார்ந்து நெய்யறவருக்குக் கூலி தேறலை. இதெல்லாம் "பனியன் தொகுதி"ங்கற பேருக்குள்ள காணாமப் போகுது. 2016-ல ஆறு தொகுதியும் அதிமுக, 2021-ல நாலு அதிமுக, ரெண்டு திமுக. சட்டமன்றத்துல அப்படிப் போடற ஊரு மக்களவைக்கு மாத்திப் போட்டுதுன்னா, அதைக் கம்பெனி வாசல்ல வச்சு மட்டும் விளக்க முடியாதுங்க.

பவர்டேபிள்:
கூட்டணிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேனி, மதுரை, திண்டுக்கல்லில் இருந்து வந்து இங்கே ஒன்றரை ஷிப்ட் ஓட்டுபவர்களில் பலருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரில்தான். பனியன் ஓட்டு குறைவாகத் தெரிவதற்கு அதுவும் காரணம். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் நின்று முதலில் வேலை இழந்தவர்களும் இவர்கள்தான். அதனால்தான் கேட்கிறேன்: அடுத்த தொகுதி மறுவரையறையில் அவிநாசி, பல்லடம் இரண்டையும் இங்கே சேர்த்து, பவானி, அந்தியூரை ஈரோட்டோடு விட வேண்டும்.

நொய்யல்கரை:
கேட்கலாம், ஆனால் கணக்கோடு கேட்க வேண்டும். 2001 மக்கள்தொகைப்படி ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரி 16 லட்சம், அதாவது ஆறு சட்டமன்றத் தொகுதி. இரண்டு உள்ளே வந்தால் இரண்டு வெளியே போகும். ஈரோடு அவற்றை எடுத்தால் அங்கிருந்து இரண்டு கிளம்ப வேண்டும். அவிநாசி தனித்தொகுதி, அது இருக்கும் நீலகிரியும் தனித்தொகுதி. அவிநாசியை எடுத்தால் அந்த இடத்தை எதை வைத்து நிரப்புவது? வரைவு வெளியானதும் ஆட்சேபம் எழுத்தில் போக வேண்டும், பொது விசாரணையில் நேரில் பேச வேண்டும். இறுதி ஆணை வந்தபின் நீதிமன்றத்தில் அதை மாற்றுவது மிகக் கடினம்.

கொடிவேரி:
பெருந்துறையை எங்க வைப்பீங்கண்ணா? ஊத்துக்குளி திருப்பூர் மாவட்டம், ஆனா பெருந்துறை சட்டமன்றத்துல இருக்கு. அதே தொகுதியில சிப்காட், வாய்க்கால் பாசனம், மஞ்சள் மார்க்கெட் எல்லாம் இருக்கு. அதுக்குப் பதில் சொன்ன பிறகு மனுவை எழுதலாங்க.