மறு: டாக்ஸ் பாயன்சி – 'வரி மிதப்பு' வேண்டாம், 'இணையேற்றம்' எப்படி?

குழுவினருக்கு வணக்கம். உற்பத்தி வளரும்போது வரி வருவாய் எவ்வளவு கூடவே வளர்கிறது என்பதை ஆங்கிலத்தில் டாக்ஸ் பாயன்சி (tax buoyancy) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> 'வரி மிதப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. மூலச்சொல்லின் பொருளும் அதுதானே?

பொருள் அதுதான், ஐயா. ஆனால் தமிழில் ஒருவன் மிதப்பில் இருக்கிறான் என்றால் தலைக்கனம் என்றுதான் காதில் விழும். 'பஞ்சாயத்துக்கு வரி மிதப்புக் குறைவு' என்று, கேரள எல்லையில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறையில் சொன்னால் என்ன சொல்கிறோம் என்றே புரியாது.

நாம் பெயர் தேடுவது ஒரு விகிதத்துக்கு. ஒரு வட்டாரத்தின் உற்பத்தி 10% கூடும்போது வரி வருவாய் 6% கூடினால் அளவு 0.6. ஒன்றுக்குக் கீழே நின்றால், ஊர் வளர்கிற வேகத்துக்கு உள்ளாட்சியின் வரவு ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் பக்கம் இது வீட்டுக்குள்ளேயே தெரிகிறது. அப்பா வீட்டு நிகுதி ரசீதுகளைக் கம்பியில் கோத்து வைத்திருக்கிறார். (இங்கே வரியை நிகுதி என்போம், கரம் என்போம். கட்டுவதில்லை, அடைப்போம்.) பழைய ரசீதுகளைப் புரட்டினால் அடுத்தடுத்த வருஷங்களில் ஒரே தொகை. அதே வருஷங்களில் தெருவில் மனை விலை எங்கேயோ போய்விட்டது. விலை ஏறினால் என்ன, கேரளத்தில் கட்டட நிகுதிக்கு அடிப்படை தரைப்பரப்பு. வீடு அதே அளவில் நிற்கும்வரை விலையேற்றம் ரசீதுக்குள் நுழையாது.

தொழில் நிகுதி இன்னும் மோசம். ஒருவரிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 1988-இல் அரசமைப்புத் திருத்தம் வைத்த உச்சவரம்பு இன்றும் அப்படியே. சம்பளம் எத்தனை மடங்கு ஏறினாலும் நிகுதி அந்தக் கோட்டில் நின்றுவிடும். ஆள் கூடினால்தான் வரவு கூடும், அந்த ஆளும் எங்கள் ஊரிலேயே வேலை பார்க்க வேண்டும். காலையில் எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போகிறவரின் தொழில்வரி, அவர் வேலை செய்கிற ஊரின் உள்ளாட்சிக்குப் போகிறது. அந்தச் சம்பளத்தில் எழும்புகிற மாடி மட்டும் எங்கள் பஞ்சாயத்துக் கணக்கில் வரும்.

> 'உடனேற்றம்' பொருந்தும். வளர்ச்சியோடு உடன் ஏறுவது.

அக்கா, நானும் முதலில் இதைத்தான் குறித்து வைத்தேன். எழுதிப் பார்த்தால் 'உடனே ஏற்றம்' என்று படிகிறது. அப்பாவின் ரசீதுக் கம்பி சொல்வது அதற்கு நேர்மாறு. 'இணையேற்றம்' என்றால் எதற்கு இணையாக என்ற கேள்வி கூடவே வந்துவிடும். அளவு 1 என்றால் முழு இணை. அப்புறம், ஏற்றம் என்றதும் எங்கள் தலைமுறைக்குக் கிணற்று ஏற்றமும் ஞாபகம் வரும். கிணற்றில் ஊறினால் மட்டும் போதாது, இறைத்தால்தான் வயலுக்கு வரும். வளர்ச்சிக்கும் உள்ளாட்சி வருவாய்க்கும் உள்ள உறவே அதுதான்.

'வரி நெகிழ்ச்சி' (tax elasticity) என்பதோடு இது மோதாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். மோதாது, இரண்டும் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் கேரளத்தில் கட்டட நிகுதியை வருஷத்துக்கு 5% கூட்டுகிறார்கள். அது அரசு முடிவெடுத்து ஏற்றியது, ஊரின் வருமானம் தானாக ஏற்றியதில்லை. இப்படி ஏற்றியதையும் சேர்த்துப் பார்ப்பது இணையேற்றம். அரசு வரி விகிதத்தைத் தொடாமல் தானாக வந்த கூடுதலை மட்டும் பார்ப்பது நெகிழ்ச்சி. பாடநூல்களில் பழகிப்போன நெகிழ்ச்சியை மாற்றத் தேவையில்லை.

சரி, ஒரு சோதனை. 'தொழில் நிகுதியின் இணையேற்றம் ஏன் இவ்வளவு குறைவு?' என்று கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்டால் உங்கள் ஊரில் விளங்குமா? நாலு பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து