ஊர்ச் செய்தியை எல்லாருக்கும் கொண்டுபோக வழி சொல்லுங்க

வணக்கம். எங்கள் கிராமத்தில் ஊர் நலச் சங்கம் நடத்துகிறோம். குடிநீர் எந்த நேரம் வரும், மோட்டார் ரிப்பேரா, நூறு நாள் வேலை எப்போது என்பதையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் போடுகிறோம், ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அது காணாமல் போய்விடுகிறது, வயதானவர்களில் பலரிடம் பட்டன் போன்தான். டீக்கடைப் பக்கம் கரும்பலகை வைத்தோம், மழையில் அழிந்துவிட்டது. கோயில் மைக்கில் சொன்னால் காட்டுவேலைக்குப் போனவர்களுக்குக் கேட்காது.

அப்புறம் முக்கியமான விஷயம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் தீர்மானம் போட்டார்கள், நகல் கேட்டால் இன்று நாளை என்று இழுக்கிறார்கள். அக்டோபர் 2 கூட்டத்துக்குள் அதை அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்க ஆசை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும், தெரியும், ஆனால் மனுவில் என்னென்ன கேட்டால் தட்டிக்கழிக்க முடியாது? எழுதிப் பழகியவர்கள் ஒரு மாதிரி மனு அனுப்புங்களேன். பட்டன் போனுக்குக் குரல் செய்தி அனுப்பச் செலவு குறைந்த வழி இருந்தால் அதையும் சொல்லுங்க, சங்கத்தில் பெரிய பணமெல்லாம் இல்லை.