ஆளுமைத் தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் இருக்கிறீர்களா?

அரைத்தூக்கம்:
போன மாதம் தூக்கம் வராத ஓர் இரவில் "உங்கள் உண்மையான ஆளுமை எது?" என்றொரு விளம்பரம் கண்ணில் பட்டது. இலவசம் என்றுதான் போட்டிருந்தார்கள். அறுபது கேள்விகள். நாற்பதைத் தாண்டிய பிறகு பாதியில் விட மனம் வரவில்லை. எதையும் தொட்டால் முடித்தே தீரவேண்டும் எனக்கு. கடைசிக் கேள்வி முடிந்ததும் "உங்கள் விடைகளை அலசுகிறோம்" என்று ஒரு வட்டம் சுற்றியது. நூறு சதவீதம் ஆனதும் முடிவு வரவில்லை, பணம் கட்டும் பக்கம் வந்தது! மேலே பத்து நிமிடக் கடிகாரம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. சின்னத் தொகைதானே என்று கட்டிவிட்டேன்.

பதினான்கு பக்க அறிக்கை வந்தது. "வெளியே கட்டுப்பாடானவர், உள்ளுக்குள் கவலைப்படுபவர்" என்ற வரியைப் படித்தபோது யாரோ என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுபோல் இருந்தது. பெயர் இருந்த பக்கத்தை விட்டுவிட்டு மற்றதை அக்காவிடம் காட்டினேன். "என்னைப் பற்றி யார் எழுதியது?" என்று கேட்டாள்.

ஏழாம் நாள் அட்டையிலிருந்து பல மடங்கு பணம் போயிருந்தது. மாதச் சந்தாவாம். பணம் திரும்பக் கிடைக்குமா? இந்தத் தேர்வுகளில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
முதலில் சந்தாவை நிறுத்துங்கள். செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். நிறுத்தியதற்கான திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுத்தால் அட்டை கொடுத்த வங்கியில் புகார் கொடுக்கலாம். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். பணம் கட்டிய பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் சந்தா விவரம் இருந்ததா என்றும் பாருங்கள். வங்கி அதைத்தான் முதலில் கேட்கும்.

பழைய மாணவி:
உங்கள் அக்கா கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கொரு அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள்! அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. நீங்கள் சொன்ன "வெளியே கட்டுப்பாடு, உள்ளே கவலை" வரியும் கிட்டத்தட்ட அப்படியே அந்தத் தாளில் இருக்கிறது.

அதற்காக எல்லாத் தேர்வையும் ஒதுக்கிவிட முடியாது. ஐந்து பெரும் பண்புகளை (புதியதை ஏற்கும் மனம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், பதற்றம்) அளக்கும் தேர்வுகளுக்கு ஆய்வுப் பின்னணி உண்டு. லூயிஸ் கோல்ட்பெர்க் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த பொதுக் கேள்வித் தொகுப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதை வைத்து 120 கேள்விகளில் ஒரு தேர்வு இணையத்தில் கிடைக்கிறது. முகத்துதி செய்யாது, அதனால்தான் அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை போலும்.

நான்கெழுத்து:
நானும் பணம் கட்டியவன்தான், வருத்தமில்லை. நானும் மனைவியும் அறிக்கையை வைத்து ஒரு மாலை முழுக்கப் பேசினோம். ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதினால், ஆளுமை வகையைக் குறிக்கும் நான்கு எழுத்துகள் வேறாக வந்தன.

அரைத்தூக்கம்:
எல்லோருக்கும் நன்றி. பாதித் தொகை திரும்பி வந்தது. மீதிக்கு வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சந்தாவை நிறுத்தப் போன இடத்திலும் "ஏன் விலகுகிறீர்கள்?" என்று எட்டுக் கேள்விகள் கேட்டார்கள். கட்டாயமில்லை என்று போட்டிருந்தது. எட்டையும் முடித்தேன்.