கங்காரு தீவில் கடற்சிங்கம் பார்க்க எந்த மாதம் நல்லது? பேரீச்சம்பழ பார் கொண்டுபோகலாமா?

வெள்ளவத்தை அம்மா:
அடிலெயிட்டில் இருக்கும் மகளிடம் போகப்போகிறோம். அங்கிருந்து கங்காரு தீவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். பேரனுக்குக் கடற்சிங்கக் குட்டிகளைப் பார்க்க வேண்டுமாம். எந்த மாதம் போனால் குட்டிகள் இருக்கும்? நான் தேன் விட்டுப் பேரீச்சம்பழ பார் செய்வேன். அதையும் இங்கிருந்தே கொண்டுபோக விருப்பம். தாங்குமா?

தெஹிவளைத் தம்பி:
அக்கா, முதலில் தேன். அந்தத் தீவுக்குள் தேன் கொண்டுபோகத் தடை. 1885 முதல் அது தேனீக்களின் சரணாலயம். இத்தாலியின் லிகூரியாவிலிருந்து வந்த தேனீ அங்கே கலப்பில்லாமல் இருக்கிறது, வெளித்தேனோடு நோய் போய்விடக் கூடாது. தேன் சேர்த்த பண்டத்தையும் தயவுசெய்து தவிருங்கள்.

குட்டிகளுக்கு மாதக் கணக்குச் சரிவராது. அவுஸ்திரேலியக் கடற்சிங்கம் ஏறத்தாழ 18 மாதத்துக்கு ஒருமுறைதான் ஈனும். ஒரு முறை கோடையில் என்றால் அடுத்தது குளிர்காலத்தில். போகுமுன் மகளை விசாரிக்கச் சொல்லுங்கள்.

தென்கரையில் இருக்கும் சீல் பே என்ற கடற்கரைக்குப் போங்கள். மரப்பாதையிலிருந்தும் பார்க்கலாம், ஆனால் வழிகாட்டியோடு மணலில் இறங்கிப் பார்ப்பதுதான் பார்ப்பது. சில நாட்கள் கடலடியில் கணவாய், மீன் தேடி அலைந்துவிட்டு வந்து அசையாமல் கிடக்கும். தாய் கடலுக்குப் போயிருக்கும்போது குட்டி தனியே கத்தும். பேரன் கலங்கினால், தாய் வந்து குரலையும் மணத்தையும் வைத்துத் தன் குட்டியைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லுங்கள். உலகத்திலேயே அவுஸ்திரேலியாவின் தெற்கு, மேற்குக் கரைகளில்தான் இந்த இனம் இருக்கிறது. முன்பு வேட்டையாடினார்கள், பிறகு மீன்வலைகளில் சிக்கிச் செத்தன. அதனால் வழிகாட்டி சொல்லும் தூரத்தைத் தாண்டவே வேண்டாம்.

பம்பலப்பிட்டி சமையல்:
அக்கா, மென்மையான பேரீச்சம்பழம் என்றால் தேனே தேவையில்லை, பழமே ஒட்டிப் பிடிக்கும். கொட்டை எடுத்த பழம் 250 கிராம், வறுத்த கஜு 100 கிராம், வறுத்த எள்ளு 3 மேசைக்கரண்டி, ஏலக்காய்த் தூள், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விடாதீர்கள், தித்திப்பை அதுதான் மட்டுப்படுத்தும். கஜுவைக் கரகரப்பாக அரையுங்கள். பழத்தை ஒரு தேக்கரண்டி நெய்யில் மெல்லிய தீயில் மசித்து, மற்றதெல்லாம் போட்டுப் பிசையுங்கள். ஒயில் பேப்பர் விரித்த தட்டில் அழுத்தி, இரண்டு மணிநேரம் ஃபிரிட்ஜில் வைத்து வெட்டினால் சரி. பழம் காய்ந்திருந்தால் வெந்நீரில் ஊறவைக்கலாம், ஆனால் நீரை நன்றாக வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் புளித்துவிடும்.

வெள்ளவத்தை அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. தேன் இல்லாமலே செய்கிறேன். விமானத்தில் கொண்டுபோனால் பிரச்சினையா, தம்பி?

தெஹிவளைத் தம்பி:
எந்த உணவென்றாலும் இறங்கும்போது பயணிகள் நிரப்பும் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். மகள் வீட்டுக் குசினியிலேயே செய்துவிடுங்கள், பேரனும் கூட நின்று பிசைவான். கடற்கரையில் பிரிக்க வேண்டாம். கேப் ஜார்விஸிலிருந்து ஃபெரி 45 நிமிடம் ஓடும், அதில் வைத்துச் சாப்பிடுங்கள்.