சூலியா தெருவில் எங்கள் மூதாதை: எந்தச் சொல்லைத் தேடுவது?

நாகூர்ப்பேத்தி:
அஸ்ஸலாமு அலைக்கும். நான் பினாங்கு ஜார்ஜ் டவுனில் பிறந்தவள். எங்கள் பாட்டன்மார் நாகூரிலிருந்து கப்பலேறி வந்து சூலியா தெருவில் கடை வைத்ததாக வீட்டில் சொல்வார்கள். எந்த வருஷம், எந்தக் கப்பல், ஒன்றும் தெரியாது. நூலகத்தில் மூன்று நாள் பழைய ஆங்கில ஆவணங்களின் மைக்ரோஃபிலிம் சுருள்களோடு உட்கார்ந்தேன். ‘தமிழ்’ என்று ஒரு சொல்கூட ஆங்கிலத்தில் தட்டுப்படவில்லை. நாம் இங்கே இருந்ததையே எழுதாமல் விட்டுவிட்டார்களா? மனசு கனத்துப்போச்சு.

பழையசுருள்:
வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. எழுதியிருக்கிறார்கள், வேறு பேரில். தமிழ் முஸ்லிம்களைக் குறித்த ‘சூலியா’, தென்னிந்தியரைக் குறித்த ‘கிளிங்’, அப்புறம் ‘மலபார்’, மூன்றையும் பாருங்கள். மலபார் என்றதும் கேரளம் என்று தாண்டிவிடாதீர்கள். அன்றைய ஆங்கிலேயருக்குத் தமிழரும் மலபார்தான். தீவின் பேரே 1786இல் இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ஃபிரான்சிஸ் லைட் வைத்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு’. எதிர்க்கரையிலுள்ள மலாய் நாடான கெடா, ‘குவெடா’ ஆகியிருக்கும். கப்பித்தான் கிளிங், அதாவது இங்கத்தித் தென்னிந்தியர் தலைவர், காதர் மொய்தீன் பேரையே ‘கௌடர்’ என்றுதான் எழுதினார்கள்.

கரையோரம்:
ஒன்று சேர்க்கிறேன். நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) ஆவணச் சுருள்கள் 1800இல்தான் தொடங்கும். அதற்கு முந்தியவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். ஆனால் லைட் 1794இல் இறக்கும் முன் எழுதிய குறிப்பு பின்னாளில் அச்சேறியிருக்கிறது. அதை விடாமல் படியுங்கள். சூலியாக்களில் சுமார் 1,000 பேர் குடியிருக்கிறார்கள், சிலர் குடும்பத்தோடு, வருஷாவருஷம் 1,300 முதல் 2,000 ஆண்கள் கப்பலில் வந்து சம்பாதித்துத் திரும்புகிறார்கள் என்கிறார். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் முன்பே கெடாவில் நெடுநாள் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும் சொல்கிறார். உங்கள் ஆள் நேராக நாகூரிலிருந்துதான் வந்தார் என்று முடிவுகட்ட வேண்டாம். 1806இல் தொடங்கிய தீவின் முதல் செய்தித்தாளில் கப்பல் வரவுச் செய்திகளையும் பாருங்கள்.

நாகூர்ப்பேத்தி:
இன்று திரும்பப் போய் அதே சுருளை ஓட்டினேன். ஒரே பக்கத்தில் ‘சூலியா’ நாலு இடத்தில்! எழுத்தர் தலைப்பெழுத்தான ஆங்கில ‘சி’யைச் சுழித்துப் போட்டதில் ‘ஜி’ என்று படித்து மூன்று நாளும் கடந்திருக்கிறேன். உருப்பெருக்கித் திரையில் விரல் வைத்துக்கொண்டே இருந்தேன், எடுக்க மனசு வரலை.

கெடா என்றதும் இன்னொன்று. வாப்பாவின் உம்மா ஒரு பழைய மரப்பெட்டியை ‘கெடாப் பெட்டி’ என்பார்கள். ‘அது நாகூர்ப் பெட்டி உம்மா’ என்று நான்தான் திருத்திக்கொண்டே இருந்தேன். அவர்களுக்கு வயது 91. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அங்கே போகிறேன்.