ஃப்ரீகேட்: ஸ்கெட்ச் பச்சையாக மாட்டேங்குது, பேட் கொடுத்தா எர்ரர்

கேள்வி:
ஃப்ரீகேட் 1.0 (கணினியில 3டி பொருள் வரையிற மென்பொருள்), அதுல பார்ட் டிசைன் பகுதி. 40 × 30 மி.மீ. தகடு, கனம் 3. எம்3 (3 மி.மீ.) ஸ்க்ரூவுக்கு ரெண்டு ஓட்டை. ஸ்கெட்ச்ல (தட்டையான கோட்டுப்படம்) கோடெல்லாம் வெள்ளையாவே நிக்குது, ஒரு அளவை மாத்தினா மத்ததெல்லாம் கோணலா ஓடுது. சில தடவை பேட் (ஸ்கெட்சுக்குக் கனம் கொடுக்கிற கட்டளை) கொடுத்தா ஸ்கெட்ச் மூடலைன்னு எர்ரர். எங்க தப்பு?

பதில் 1:
வெள்ளைன்னா கோடு இன்னும் அசையும்னு அர்த்தம். எத்தனை டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (அசையக்கூடிய வழி) மிச்சம்னு பக்கத்துப் பேனல்ல காட்டும், அந்த எண் மேலயே கண்ணை வைங்க. காலி இடத்துல போட்ட செவ்வகத்துக்கு 4: நீளம், அகலம், இருக்கிற இடத்துக்கு ரெண்டு. எதிரெதிர் மூலை ரெண்டு, கடைசியா ஆரிஜின் புள்ளி (அச்சுகள் வெட்டுற இடம்), மூணையும் தேர்ந்து சிமெட்ரிக் (ரெண்டு பக்கமும் சமதூரம்) கொடுங்க, 2 ஆயிடும். 40, 30 போட்டா 0, பச்சை.

வட்டம் ஒண்ணுக்கு 3, ஆக 6. ரெண்டுக்கும் ஈக்வல், அதாவது சம அளவு (மிச்சம் 5), விட்டம் 3.4 (4), மையங்கள் ஆரிஜினுக்கு சிமெட்ரிக் (2), ஒரு மையம் படுக்கை அச்சு மேல (1), மையத்துக்கு மையம் 24 (0). வட்டம் அதே ஸ்கெட்ச்ல இருந்தா பேட் தானா ஓட்டை விட்டுடும், தனியா பாக்கெட் (குடையிற கட்டளை) வேண்டாம்.

பதில் 2:
மூடலைங்கிற எர்ரருக்குக் காரணம், முனைகள் தொட்ட மாதிரி தெரியும், ஆனா கோயின்சிடென்ட் (ரெண்டு முனையையும் ஒரே புள்ளியா ஒட்டுறது) விழுந்திருக்காது. ஸ்கெட்சை மூடிட்டு, ஸ்கெட்ச் மெனுவுல வேலிடேட் ஸ்கெட்ச் திறந்து, விட்டுப்போன கோயின்சிடென்ஸைத் தேடி ஃபிக்ஸ் கொடுங்க. ஒரே கோட்டு மேல இன்னொரு கோடு படிஞ்சிருந்தாலும் பேட் மக்கர் பண்ணும். கோட்டை இழுத்துப் பாருங்க, அடியில இன்னொண்ணு இருந்தா தெரிஞ்சிடும்.

கேட்டவர்:
பச்சை வந்துச்சு, நன்றி. ஆனா எதிர்ப்பக்கத்துக்கும் 30 போட்டதும் ரிடண்டன்ட்னு (தேவையில்லாத கூடுதல் அளவுன்னு) திட்டுது.

பதில் 1:
செவ்வகத்துல ஒரு பக்கம் 30னா எதிர்ப்பக்கமும் 30தானே! கடைசியா போட்டதை டெலீட் பண்ணுங்க.

பதில் 3:
இன்னொண்ணு, ஃபில்லெட் (விளிம்பை வளைவாக்குறது) போடுறதா இருந்தா கடைசிக்குத் தள்ளுங்க. அது விளிம்பை எட்ஜ்7ங்கிற மாதிரி எண்ணால நினைவு வச்சுக்கும். பின்னாடி ஸ்கெட்ச்ல ஒரு கோடு கூடினா எண் மாறி ஃபில்லெட் உடையும். 2024 நவம்பர்ல வந்த 1.0ல இது நிறையக் குறைஞ்சிருக்கு, முழுசா ஒழியலை. அதனால அடுத்த ஸ்கெட்சையும் பொருளோட பரப்பு மேல ஒட்டாம, முடிஞ்சவரை ஆரிஜின் தளத்துலயே போடுங்க.

3டி பிரிண்ட்னா ஓட்டை கொஞ்சம் சுருங்கித்தான் வரும். 3.4 இறுக்கமா இருந்தா 3.6. பிரிண்டுக்கு அனுப்புற எஸ்டிஎல் ஃபைல்ல அலகு கிடையாது, ஸ்லைசர்ல (பிரிண்டருக்காக மாடலை அடுக்கடுக்கா பிரிக்கிற மென்பொருள்) திறந்ததும் நீளம் 40தானான்னு ஒரு தடவை பாத்துக்குங்க.